காலிக் கோட்டை ஒரு மணித்தியாலத்தில் முடிகிற இடமா?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி

போன சனிக்கிழமை குடும்பத்தோடு காலிக் கோட்டைக்குப் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கி மதில்மேல் நடந்தோம், வெளிச்சவீட்டடியில் படம் எடுத்தோம், உள்ளே ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கே திரும்பினாலும் கஃபே, நகைக்கடை, உடுப்புக்கடை. இதற்கா உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் கொடுத்தார்கள்? நாங்கள் பார்க்காமல் விட்டது என்ன?

6 ஜனவரி, இரவு

சனிக்கிழமை போனதுதான் பிழை. சனி, ஞாயிறில் அங்கே இருப்பது உங்களையும் என்னையும் போல வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். வேலை நாளொன்றில், காலை ஏழரைக்கு உள்ளே நுழைந்து பாருங்கள். சவுத்லண்ட்ஸ் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் தெருவை நிறைத்துக்கொண்டு போவார்கள். எட்டரைக்குப் பிறகு நீதிமன்றச் சதுக்கத்தில் கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகள், அவர்களுக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கிளார்க்மார், மரநிழலில் வழக்குக்காகக் காத்திருக்கிற கிராமத்துச் சனம். காணிச் சண்டைக்காரர்கள் இரண்டு தரப்பும் ஒரே மரத்தடியில், முகத்தைப் பாராமல் நிற்பதைப் பார்க்க வேண்டும்!

1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது மதிலை மட்டும் இல்லை. மதிலுக்குள் இருக்கிற ஊரையும் சேர்த்துத்தான். ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஊர் விழித்திருக்கிற நேரத்தில் போக வேண்டும்.

7 ஜனவரி

எந்தப் பக்கமாக நடப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் 1873-ல் பிரிட்டிஷார் திறந்த பெரிய வாசலால் உள்ளே வந்து, வலப்பக்கம் ஏறி, மேற்கு மதிலால் போகிறார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அப்படிப் போனால் சூரியன் முகத்திலேயே அடிக்கும். அஸ்தமனத்துக்கு வெளிச்சவீட்டடியில், அதாவது பிழையான மூலையில், நிற்பீர்கள்.

என் வழி இது. பழைய வாசலால் உள்ளே வாருங்கள். நீதிமன்றச் சதுக்கம், ஹொஸ்பிட்டல் வீதி, வெளிச்சவீடு, மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், அங்கிருந்து தெற்கு முனையில் இருக்கிற ஃபிளாக் ரொக். அப்புறம் மேற்கு மதில் வழியாக ட்ரைடன், நெப்டியூன், கிளிப்பன்பெர்க், ஏயோலஸ் என்று கொத்தளம் கொத்தளமாக (மதிலில் வெளியே துருத்தி நிற்கிற காவல் மேடைகள்) வடக்கே ஏறிவாருங்கள். கடல் இடப்பக்கம், சூரியன் கடலுக்கு மேலே, ஊர் வலப்பக்கம். கிழக்குப் பக்கத்தில் மதில்மேல் தொடர்ந்து நடக்க முடியாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம், அந்தத் துண்டைத் தெருவால் நடப்பதுதான் நல்லது.

மதிலில் ஏறக் காசு இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள்.

7 ஜனவரி, மதியம்

தொப்பி. மதில்மேல் மரமே இல்லை.

9 ஜனவரி

"போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை" என்று மேலே ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 1588-ல் போர்த்துக்கேயர் அடைத்தது நிலப்பக்கத்தை மட்டும்தான்: குடாவிலிருந்து மறுபக்கக் கடல் வரை ஒரு மதில், அதில் மூன்று கொத்தளங்கள். மற்ற மூன்று பக்கத்தையும் கடலும் பாறையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1640 மார்ச்சில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சுற்றிவர அடைத்து, பதினாலு கொத்தளங்கள் ஆக்கியது அவர்கள்தான். போர்த்துக்கேயர் புனிதர் பெயர் வைத்திருந்த அந்த மூன்றும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மாறின.

கால்நடையாகவே இதைக் கண்டுபிடிக்கலாம். கிரிக்கெட் மைதானத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள், மதில் ஒரு மலை மாதிரி நிற்கும். பிறகு ட்ரைடன் பக்கம் போய்க் கடற்பக்க மதிலைப் பாருங்கள், எவ்வளவு தாழ்வு! பயம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மதிலே சொல்லிவிடும். நிலப்பக்கம் உள்நாட்டு மன்னர்களும் அவர்கள் படையும். கடற்பக்கம் கப்பல் கிட்ட வரமுடியாத பாறைகள்.

கோட்டையைப் பிடித்த தளபதி கொஸ்டர் அதே 1640-ல், கண்டிக்குப் போய்த் திரும்பும் வழியில், கூட வந்த கண்டிக் காவலர்களாலேயே கொல்லப்பட்டார். கிழக்குப் பக்கத்தில் அக்கர்ஸ்லூட் என்று ஒரு கொத்தளம் இருக்கிறதே, அது அவர் பிறந்த ஊர்.

10 ஜனவரி

பழைய வாசலைப் பற்றி ஒரு வரி. வெளிப்பக்கம் பிரிட்டிஷ் அரச சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் VOC முத்திரை, இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஓட்டோவில் வருகிறவர்கள் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வாசல் ஒரு பெரிய பண்டகசாலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகிறது. கறுவாவும் மிளகும் அடுக்கிய இடம். இப்போது கடல்சார் நூதனசாலை அங்கேதான் இருக்கிறது.

14 ஜனவரி, பொங்கல் லீவு

நான் ஏன் இந்த ஊரைப் பற்றி இவ்வளவு கதைக்கிறேன் என்று ஒருவர் கேட்டார். வங்கி மாற்றலில் காலிக்கு அனுப்பினார்கள். அப்போது தெற்கு அதிவேகப் பாதை திறக்கவில்லை (அது 2011-ல்தான் வந்தது), கொழும்புக்குப் போய்வர உடம்பு தாங்காது. கோட்டைக்குள் ஒரு முஸ்லிம் வீட்டில் பின்னறை கிடைத்தது. வீட்டுக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய தாயை எல்லோரும் போல உம்மா என்பேன். வீட்டுக்குள் தமிழ், தெருவில் சிங்களம், கடைக்கு வருகிற வெள்ளைக்காரருடன் ஆங்கிலம். மூன்றையும் ஒரே மூச்சில் கலக்காமல் பேசுவார்கள். காலிக்குப் போகிற தமிழ் ஆட்கள் கனபேருக்கு இது தெரியாது. கோட்டைக்குள் வழி கேட்கச் சிங்களம் தேடித் தடுமாறுகிறார்கள். பெட்லர் வீதியில் ஒரு கடைப்படியில் இருக்கிற வயசானவரிடம் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். வழி மட்டும் வராது, தேத்தண்ணியும் வரும்.

அந்த அறையின் மேற்குச் சுவரில் சாந்து கழன்ற ஒரு இடம் இருந்தது. உள்ளே தெரிந்தது செங்கல் இல்லை, பவளப்பாறை. நெளிநெளியாகக் கோடு ஓடுகிற வட்டக் கற்கள், நடுநடுவே சின்னச் சின்னத் துளைகள், ஒன்றில் சிப்பி ஓடு அப்படியே பதிந்து கிடந்தது. விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். (வைத்துப் பார்த்தேன். உம்மா பார்த்துவிட்டார். "புள்ளைக்கு அங்க வீட்டில சாப்பாடு இல்லையா?") கடலில் வெட்டிய கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டிய சுவர் அது. சுண்ணாம்பு மூச்சு விடும், ஈரம் வரும் போகும். இடையில் யாரோ அரைச் சுவருக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பாதிதான் ஒவ்வொரு மழைக்கும் உப்புப் பூத்துக் கொப்பளித்து விழும். நானா ஒவ்வொரு வருஷமும் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டுவார்.

நீங்கள் தெருவில் நடக்கும்போது ஒரு வீட்டுச் சுவரின் அடிப்பகுதி மட்டும் கொப்பளித்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். லெய்ன் பான் வீதியில் (ஒல்லாந்தர் காலத்தில் கயிறு திரித்த இடம்) சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அரை நாள் போய்விடும்.

16 ஜனவரி

மதில்மேல் குடைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வெய்யிலுக்குத்தான் குடை. வெய்யில் இல்லாதபோதும் வெய்யிலுக்குத்தான். ஒவ்வொரு கொத்தள மூலையிலும் ஒரு குடை, குடைக்குக் கீழே நாலு கால். பிள்ளைகளோடு போகிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நடங்கள்.

21 ஜனவரி

"காலித் தமிழ்க் கல்வெட்டு கோட்டைக்குள் எங்கே இருக்கிறது? தேடி அலைந்தோம்."

கோட்டைக்குள் தேடாதீர்கள். கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி, 1409 என்ற தேதி. சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தெய்வந்துறைக் கோயிலில் (இலங்கையின் தென்முனை) இருந்த தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே காணிக்கைப் பட்டியல்: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, நூறு பட்டு, வாசனை எண்ணெய் என்று போகிறது. யாருக்கும் குறை வைக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் எந்தச் சாமியையும் பகைக்கக் கூடாது என்று அந்த ஆளுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது.

கல் கண்டெடுக்கப்பட்டது 1911-ல், காலி நகரில், கிரிப்ஸ் வீதிப் பக்கம். ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஐந்நூறு வருஷப் பழைய ராஜதந்திரத்துக்கு மேலால் மாட்டுவண்டி போயிருக்கிறது. கவிழ்த்துப் போட்டதால்தான் எழுத்து இந்த அளவுக்காவது மிஞ்சியது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. தெய்வந்துறைக் கோயிலைப் போர்த்துக்கேயர் உடைத்ததும் 1588-ல்தான். காலியில் மதில் கட்டிய அதே வருஷம்.

கல் இல்லாவிட்டாலும் கோட்டைக்குள் தமிழ்நாட்டுக் கரையோடு தொடர்புள்ள ஒன்று இருக்கிறது, பரவர் பெயரில் ஒரு சின்ன வீதி. பெயர்ப்பலகையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் போங்கள்.

22 ஜனவரி

கிரிக்கெட் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், விடமாட்டீர்கள் போலிருக்கிறது. ஆம், டெஸ்ட் நடக்கும்போது மதிலில் நின்று சும்மா பார்க்கலாம், சில நேரம் பொலிஸ் ஏறவிடாது. 2021 ஜனவரியில் ஒரு இங்கிலாந்து ரசிகர், தொற்றுக்காலத்தில் தொடர் தள்ளிப்போனதால் பத்து மாதம் இலங்கையிலேயே தங்கி, கடைசியில் மைதானத்துக்குள் விடாததால் இந்த மதிலில் நின்றுதான் பார்த்தார். அங்கிருந்தும் ஒருமுறை இறக்கிவிட்டார்கள். அந்த டெஸ்டில் 228 அடித்த ஜோ ரூட் மதிலைப் பார்த்து மட்டையைத் தூக்கிக் காட்டினார்.

முரளியின் 800? 2010 ஜூலை 22, வியாழக்கிழமை. கடைசி டெஸ்ட், கடைசி இந்திய விக்கெட், ஓஜா, மஹேல பிடித்தார். நான் மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில், வங்கிக் கவுண்டரில். வாடிக்கையாளர்கள் காசை மேசையில் வைத்துவிட்டு டிவியடியில் நின்றார்கள். நாங்களும்தான். மத்தியானத்துக்குப் பிறகு யாருடைய கணக்கும் சரிவரவில்லை, எல்லோரும் இருந்து தேடவேண்டி வந்தது.

2 பெப்ரவரி

"தெருக்களில் மழைத்தண்ணீர் நிற்பதே இல்லையே, என்ன ரகசியம்?" நல்ல கேள்வி, ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

நிலத்துக்குக் கீழே ஒல்லாந்தர் 17-ம் நூற்றாண்டில் கட்டிய கான்கள் இருக்கின்றன. கடல்தண்ணீரை உள்ளே விட்டு அழுக்கைக் கழுவி வெளியே தள்ளுகிற ஏற்பாடு. ட்ரைடன் கொத்தளத்தில் ஒரு காற்றாலை இருந்து தண்ணீரை இறைத்துவிட்டது. எனக்கு இந்த ஊரில் பீரங்கியைவிடப் பெரிய விஷயம் இதுதான். நடக்கும்போது தெருவோரத்தில் நிலத்தின் சரிவைக் கவனியுங்கள்.

ட்ரைடனில் நின்றால் காற்றாலைக்கு ஏன் அந்த இடம் என்று தலைமயிரே சொல்லும்.

2 பெப்ரவரி, பின்னேரம்

தண்ணீர் என்றதும் சுனாமியைக் கேட்டுவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 நான் காலியில் இல்லை. நானா சொன்னது மட்டும். போயா (பௌர்ணமி) தினம், ஞாயிறு. மதிலில் நின்றவர்கள் கடல் பின்னால் போனதைப் பார்த்தார்களாம். பிறகு தண்ணீர் கோட்டையின் இரண்டு பக்கத்தாலும் சுற்றிக்கொண்டு போய் பஸ் நிலையத்தையும் மைதானத்தையும் அடித்தது. உள்ளே பெரிய சேதமில்லை. "நாங்க மேலே நிக்கிறோம், கீழே பஸ் மிதக்குது, கயிறு போடவும் எட்டல்ல" என்பார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மைதானத்தில் மறுபடி டெஸ்ட் நடந்தது 2007 டிசம்பரில்.

19 பெப்ரவரி

இன்னொருவர் எழுதுகிறார்: "இவ்வளவு பழைய ஊர் எப்படி இடிக்கப்படாமல் மிஞ்சியது? பிரிட்டிஷார் கொழும்புக் கோட்டையின் மதிலை இடித்துவிட்டார்களே."

காசு போய்விட்டது, அதுதான் காரணம். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலிதான் கப்பல்காரர்களின் துறைமுகம். கீழைத்தேயத்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிற நீராவிக் கப்பல்கள் இங்கே நிலக்கரி ஏற்றின. துறைமுகத்தில் பாறையும் அலையும் எப்போதும் தொல்லை. 1873-ல் பெரிய வாசலை வெட்டித் திறக்கிறார்கள். 1875-ல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் விழுகிறது. பத்து வருஷத்தில் கப்பல் எல்லாம் அங்கே. வாசலைப் பெரிதாக்கினார்கள், வர வண்டி இல்லை. மணிக்கூட்டுக் கோபுரம் 1883-ல், அந்தோனிஸ் என்ற பறங்கி வைத்தியருக்கு மரியாதையாகக் கட்டியது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கட்டப்படவில்லை. வெளிச்சவீட்டை விடுங்கள், 1848-ல் கட்டியது தீயில் போனதால் 1939-ல் இப்போதிருப்பதைப் போட்டார்கள். பள்ளிவாசலின் இப்போதைய கட்டடம் 1904. அதைத் தேவாலயம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்ட ஒரு இத்தாலியக் கிழவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கோபுரமும் முகப்பும் அப்படித்தான் இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது.

பணக்கார ஊராகவே இருந்திருந்தால் அந்த மதில் 1900-ஐப் பார்த்திருக்காது.

11 மார்ச்

கஃபேக்கள் ஊரைக் கெடுத்துவிட்டன என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்து மூன்று பேர் ஏற்கெனவே ஆமாம் போட்டிருக்கிறார்கள். பொறுங்கள்.

நானா வீடு இப்போது இல்லை. இருக்கிறது, ஆனால் ஒரு விடுதி. உம்மா மௌத்தான பிறகு பிள்ளைகள் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கோட்டைக்கு வெளியே போனார்கள். போன மாதம் உள்ளே போய் ஒரு எலுமிச்சைச் சாறு குடித்தேன். விலையை எழுதினால் நம்பமாட்டீர்கள். என் பின்னறை இப்போது ஏசி போட்ட படுக்கையறை. அந்தச் சீமெந்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். சுவர் காய்ந்து கிடந்தது. நானாவால் முடியாமல் போனது அது. ஓட்டுக் கூரை மாற்றவே ஒரு மகளின் கல்யாணச் செலவு வரும், அதுவும் நினைத்தபடி மாற்ற முடியாது, மரபுரிமைச் சட்டதிட்டம் ஆயிரம். இடையில் நெதர்லாந்து நிதியில் சில பழைய வீடுகளைத் திருத்திக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ஆக, கட்டடம் பிழைத்தது, குடும்பம் வெளியே போனது. இதில் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீதிமன்றமும் பள்ளிக்கூடங்களும் உள்ளே இருக்கும்வரை பரவாயில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அவற்றையும் வெளியே கொண்டுபோனால் பிறகு நீங்கள் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

12 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, உணர்ச்சிவசப்பட்டு அந்த விடுதியின் பெயரைக் கேட்கிறார்கள். சொல்லமாட்டேன். எலுமிச்சைச் சாறு நன்றாகத்தான் இருந்தது.

மாணிக்கக் கடைக்கு ஓட்டோக்காரர் இழுத்துப்போன கதையை யாரோ கேட்டார்கள். எல்லா ஊரிலும் நடக்கிற கதை. கோட்டைக்குள் ஓட்டோவே தேவையில்லை.

8 ஏப்ரல்

ஒல்லாந்தத் தேவாலயத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கோபம். 1755. உள்ளே நடுவில் தூணே இல்லை, அண்ணாந்து பாருங்கள். பிறகு குனிந்து பாருங்கள், தரையில் பதித்திருப்பது கல்லறைக் கற்கள், மண்டையோடு, எலும்பு எல்லாம் செதுக்கியவை. செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். எனக்கு எப்போதும் கழற்றத் தோன்றும்.

17 ஜூன்

தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டது, போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், படத்துக்கு நல்லது, உடுப்புக்குக் கூடாது. மேற்கு மதிலில் அலை மேலே வரை தெறிக்கும். பாறைப் பக்கம் இறங்கவே வேண்டாம். ஃபிளாக் ரொக்கிலிருந்து காசுக்குக் குதிக்கிற பெடியன்களைப் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எந்தப் பாறைக்கு இடையில் எவ்வளவு ஆழம் என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

18 ஜூன்

சக்கர நாற்காலியில் இருக்கிற அம்மாவைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும். மதிலில் ஏறுவதை விடுங்கள், ஏற்றமும் புல்லும் மேடுபள்ளமும்தான். வான் வண்டியை நீதிமன்றச் சதுக்கத்தில் நிறுத்திவிட்டு ஹொஸ்பிட்டல் வீதியால் தள்ளிக்கொண்டு போனால் வெளிச்சவீட்டடி வரை தெருவெல்லாம் சமதரை, கடலும் தெரியும். நடைபாதை ஒடுக்கம், தெருவிலேயே தள்ளுங்கள், வாகனங்கள் பொறுமையாகத்தான் வரும். காலை பத்து மணிக்கு முன்னம் போங்கள், அதற்குப் பிறகு கற்தரை சுடும். கொழும்பிலிருந்து ரயிலில் வருவதாக இருந்தால் வலப்பக்க ஜன்னல், அதுதான் கடற்பக்கம். பெட்டியில் ஏற்றி இறக்க இரண்டு பேராவது கூட வரவேண்டும், படி உயரம்.

உடுப்புக் காயாத ஜூன், ஜூலையில் வேண்டாம். ஜனவரியில் கூட்டிப்போங்கள்.